சீட்டைக் காட்டுங்கள், சொல்கிறேன்: மருந்துக் கடையிலிருந்து வாசகர் கேள்வி பதில்

மருந்துச் சீட்டில் புரியாததை எழுதிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி டாக்டர்களின் கையெழுத்தைத் திட்டித்தான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016லேயே மருத்துவக் கவுன்சில் விதி திருத்திவிட்டது. இப்போது கம்ப்யூட்டரில் அச்சடித்த சீட்டும் நிறைய வருகிறது. மன்னார்குடியில் எங்கள் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்து நான் சொல்வது வேறு: கோழிக் கிறுக்கல் சீட்டில் யாரும் பெரிதாக ஏமாறுவதில்லை, புரியாது என்று தெரிந்தே கேட்டுவிடுகிறார்கள். அச்சு மாதிரி தெளிவாக இருக்கிற சீட்டில்தான் தடுமாறுகிறார்கள். எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

உடம்பு விஷயம் என்பதால் எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

*அக்கா, அம்மாவுக்குச் சுகர். சீட்டில் 1-0-1, சாப்பாட்டுக்கு முன் என்று இருக்கிறது. நடவுக்கு விடிகாலையிலேயே கிளம்பிவிடுவார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனவர் வயலிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? நிறுத்திவிடலாமா?*
– வாசகி, கொரடாச்சேரி

நிறுத்த வேண்டாம் அம்மா. மாத்திரையில் குற்றம் இருப்பதாகத் தெரியவில்லை, நேரத்தில்தான் இருக்கிறது.

1-0-1 என்பதில் முதல் இடம் காலை, நடு இடம் மதியம், கடைசி இடம் இரவு. பூஜ்யம் இருக்கிற வேளைக்கு மாத்திரை கிடையாது. நாலு எண் இருந்தால் நாலாவது படுக்கப் போகிற நேரம். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் போவது, அந்த முதல் 1 எந்தக் காலை என்பது. எழுதிய டாக்டர் மனதில் இருப்பது எட்டு, எட்டரை மணி. முன்னால் இட்லித் தட்டு. உங்கள் அம்மாவின் காலை, வெறும் டீயோடு ஆறு மணிக்கு வயலில் இறங்கி, பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறக்கிற காலை. குறுவை நடவு சமயத்தில் எங்கள் பக்கம் பாதிப் பெண்களுக்கு இதுதான் கால அட்டவணை. சீட்டில் இதற்கு இடமே இல்லை.

சுகர் மாத்திரைகளில் கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு என்று ஒரு வகை உண்டு. கணையத்தை உசுப்பி இன்சுலின் சுரக்க வைக்கும். சோறு வருகிறதா வரவில்லையா என்று அது பார்க்காது. ஆறு மணிக்கு விழுங்கி, நாலு மணி நேரம் சேற்றில் குனிந்து வேலை செய்து, வயிற்றில் ஒன்றும் இல்லை என்றால் சர்க்கரை கீழே இறங்கிவிடும். அம்மாவுக்கு நடந்தது அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் மயக்கம் என்பதால் டாக்டர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். இந்த வகை மாத்திரைக்கு 'சாப்பாட்டுக்கு முன்' என்றால் முதல் நல்ல சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், அல்லது அதோடு சேர்த்து என்று பொருள். தட்டு தயாரானதும் மாத்திரை, உடனே சாப்பாடு. மெட்ஃபார்மின் வேறு வகை சுகர் மாத்திரை, அதைத் தனியாக எடுத்தால் சர்க்கரையை இப்படி இறக்காது. வயிற்றைப் புரட்டும் என்பதால் அதைச் சாப்பாட்டோடோ சாப்பிட்ட பிறகோ தருவார்கள். இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் வருகிறது, அட்டையைப் பாருங்கள்.

டாக்டரிடம் போகும்போது, 'அம்மா பத்து மணிக்குத்தான் சாப்பிடுவார், ஆறிலிருந்து வயலில் இருப்பார்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மாத்திரையைத் தூக்குச் சட்டியோடு எடுத்துப் போகச் சொல்லலாம், அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். அது அவர் முடிவு. அதுவரை சோறு இல்லாமல் அந்த மாத்திரை உள்ளே போகக் கூடாது. முந்தானையில் கொஞ்சம் சர்க்கரைப் பொட்டலம் முடிந்துகொள்ளட்டும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டிக்கொண்டு வருவது, இவை தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. 'சாப்பாட்டுக்கு முன்' வேறு, 'வெறும் வயிற்றில்' வேறு. தைராய்டு மாத்திரைக்கு வெறும் வயிறு என்றால் தண்ணீர் தவிர எதுவும் இல்லாத வயிறு. காப்பி, டீகூட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி.

*ஓ.டி., பி.டி., எச்.எஸ். என்றெல்லாம் போடுகிறார்களே, நோயாளிக்குப் புரியக் கூடாது என்றே எழுதுகிறார்களா?*
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவையாறு

இல்லை ஐயா, பழக்கம்தான். லத்தீன் சொற்களின் சுருக்கங்கள் இவை, மருத்துவப் படிப்போடு சேர்ந்தே வந்தவை. ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு முறை. பி.டி. இரண்டு முறை, டி.டி.எஸ். அல்லது டி.ஐ.டி. மூன்று முறை, க்யூ.ஐ.டி. நாலு முறை. எச்.எஸ். படுக்கப் போகும்போது. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பிட்ட பின். ஸ்டாட் என்றால் இப்போதே, இங்கேயே ஒரு தடவை. பி.டி.யும் பி.சி.யும் காதில் ஒன்று போலவே விழும் என்பதால் போனில் படித்துக் காட்டிக் கேட்காதீர்கள், படம் எடுத்து அனுப்புங்கள்.

கண் டாக்டர் சீட்டில் மட்டும் ஓ.டி.க்கு வேறு பொருள் உண்டு: வலது கண். ஓ.எஸ். இடது, ஓ.யு. இரண்டும். கண்புரை ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்தோடு வருகிறவர்கள் எந்தக் கண், எத்தனை வேளை என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதிகக் குழப்பம் எஸ்.ஓ.எஸ்.ஸில்தான். கப்பல் மூழ்கும்போது அடிக்கிற தந்தி என்று படித்தவர்கள் பயந்துவிடுகிறார்கள், ரொம்ப அவசரமான மருந்து போல என்று முதலில் அதைத்தான் விழுங்குகிறார்கள். 'தேவைப்பட்டால் மட்டும்' என்பதுதான் பொருள். காய்ச்சல் இல்லையா, வலி இல்லையா, அந்த மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும். ஆனால் எஸ்.ஓ.எஸ். என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாக நான் சொல்வேன். எத்தனை மணி நேர இடைவெளி, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை என்பதையும் கேட்டு வாங்குங்கள். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம். ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் வரம்பு இன்னும் கீழே. சளி மாத்திரை, உடம்பு வலி மாத்திரை பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது, அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி மாத்திரை ஒரு பக்கம், பெட்டிக்கடை மாத்திரை ஒரு பக்கம் என்று போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதே இல்லை.

*மாமாவுக்கு இன்சுலின் 20 யூனிட். வெளியூரிலிருந்து வந்த பையன் வேறு சிரிஞ்சு வாங்கி வந்திருக்கிறான். மூடி ஆரஞ்சு நிறம், வழக்கமானது சிவப்பு. ஊசி மெல்லிசாக இருப்பதால் வலிக்கவில்லை என்கிறார். தொடரலாமா?*
– வாசகி, வேதாரண்யம்

அந்தச் சிரிஞ்சை இன்றைக்கே நிறுத்திவிட்டுக் குப்பியைப் பாருங்கள். இந்தக் கேள்வியை எழுதிக் கேட்டதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கிற இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. அதற்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்சு. அதன் மேல் யு-40 என்று இருக்கும். ஆரஞ்சு மூடி, ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. அதன் கோடுகள் வேறு கணக்கு. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். மாமாவுக்கு வலி குறைந்திருக்கலாம், மருந்தும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், டாக்டர் 20 போதவில்லை என்று 26 ஆக்குவார். அப்புறம் ஒரு நாள் பழைய சிரிஞ்சு கைக்கு வரும்போது 26 யூனிட்டும் முழுசாக இறங்கும்.

தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் அரை மில்லி, 50 யூனிட். இரண்டரை மடங்கு. பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜ் 100 யூனிட் வகை. பேனா கெட்டுவிட்டது என்று அதற்குள் சிரிஞ்சைக் குத்தி எடுக்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

குப்பி மேல் உள்ள எண்ணும் சிரிஞ்சு மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. ஊசியின் மெல்லிசு வேறு விஷயம். யு-40 சிரிஞ்சிலேயே மெல்லிய ஊசி கிடைக்கிறது. டாக்டரை அடுத்துப் பார்க்கும்போது, இத்தனை நாள் ஆரஞ்சு மூடியில் போட்டோம் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கூசாதீர்கள்.

குப்பியை ஃபிரிட்ஜில் கதவுப் பக்கமோ நடுத் தட்டிலோ வைக்கலாம், ஐஸ் பெட்டியில் கூடாது. உறைந்த இன்சுலின் மறுபடி கரைந்தாலும் உதவாது.

*டாக்டர் எழுதிய பெயர் ஒன்று, அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரையில் வேறு பெயர். இது வேலை செய்யுமா?*
– வாசகர், நீடாமங்கலம்

ஒரு மருந்துக்கு இரண்டு பெயர். ஒன்று பொதுப்பெயர், உலகம் முழுக்க அதேதான்: டெல்மிசார்டன், அம்லோடிபின், மெட்ஃபார்மின். இன்னொன்று கம்பெனி சூட்டிய பெயர், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கம்பெனிப் பெயரைவிடப் பொதுப்பெயர் பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் தொடங்கியது, வருகிற மருந்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்துத்தான் விநியோகிக்கிறார்கள். பெட்டியும் அட்டையும் பளபளப்பாக இல்லாததால் மருந்து மட்டம் என்று நினைக்க வேண்டாம். மக்கள் மருந்தகத்திலும், 2025இல் வந்த முதல்வர் மருந்தகத்திலும் பொதுப்பெயரில்தான் குறைந்த விலைக்குத் தருகிறார்கள்.

நீங்கள் ஒப்பிட வேண்டியது மூன்று: பொதுப்பெயர், மி.கி. அளவு, பெயருக்குப் பின்னால் தொங்குகிற எழுத்து. இந்த வால் எழுத்தில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். டெல்மிசார்டன் பிரஷர் மாத்திரையில் 40 என்று மட்டும் இருந்தால் உள்ளே அது ஒன்றுதான். 40 எச் என்றால் அதோடு சிறுநீரைக் கூட்டுகிற ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்திருக்கிறது, 40 ஏ.எம். என்றால் அம்லோடிபின். சுகர் மாத்திரையில் எம்1, எம்2 என்றால் மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடு 1 மி.கி., 2 மி.கி. வயிற்றுப் புண் மாத்திரையில் டி இருந்தால் வாந்தி நிறுத்துகிற டோம்பெரிடோன். 625 என்று எல்லோரும் எண்ணாலேயே கேட்கிறார்களே, அது அமாக்சிசிலின் 500, கிளாவுலானிக் அமிலம் 125. ஆனால் இது கம்பெனிகளின் பழக்கம், சட்டம் இல்லை. ஒரே எழுத்து இன்னொரு கம்பெனியில் வேறாக இருக்கலாம். எழுத்தைப் பார்த்துச் சந்தேகப்படுங்கள், அடியில் உள்ள பொதுப்பெயரைப் படித்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஷெட்யூல் எச் என்பது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்கிற மருந்துப் பட்டியல். சீட்டில் எழுதிய ஷெட்யூல் எச் மருந்து கடையில் இருப்பு இல்லை என்றால், கடைக்காரர் தானாக வேறு கம்பெனி மருந்தை மாற்றித் தர 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் இடம் தருவதில்லை, உள்ளே ஒரே மருந்தாக இருந்தாலும் சரி. டாக்டரைக் கேட்டு மாற்ற வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

*அதே மெடிக்கலில் போன வருஷம் சீட்டில்லாமல் கொடுத்த மாத்திரையை இப்போது தர மறுக்கிறார்கள். தெரிந்த கடைக்காரரே இப்படிச் செய்யலாமா?*
– வாசகர், பாபநாசம்

போன வருஷம் கொடுத்ததுதான் தப்பு. அட்டையின் பின்பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். டாக்டர் சொல்லாமல் சாப்பிடாதே என்பதற்கான அடையாளம் அது. ஆன்டிபயாட்டிக்கைத் தின்பண்டம் போல வாங்குவதைக் குறைக்க 2016இல் மத்திய அரசு பிரசாரமே செய்தது. இடது மூலையில் ஆர்எக்ஸ் குறி இருந்தால் ஷெட்யூல் எச். அந்தக் குறி சிவப்பாகவும், கீழே சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் இருந்தால் எச்1, இன்னும் கண்டிப்பான பட்டியல். 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்சிம் மாதிரி வீரியமான ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்து, அல்பிரசோலாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரை, டிரமடால் எல்லாம் இதில் வரும். விற்றால் உங்கள் பெயர், டாக்டர் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மறுக்கிற கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள்.

*முட்டி வலிக்கு வாதநோய் டாக்டர் இரண்டு சின்ன மாத்திரை எழுதியிருக்கிறார். ஒன்று வாரத்துக்கு ஒரு தடவையாம். வலி அதிகமானால் தினம் போடலாமா?*
– வாசகர், பட்டுக்கோட்டை

கூடாது. அது மெத்தோட்ரெக்சேட் என்றால் தினமும் போடுவது உயிருக்கே ஆபத்து: வாய்ப்புண், ரத்த அணுக்கள் சரிவது, தொற்று. அது வலி மாத்திரை அல்ல, மூட்டைத் தாக்குகிற உடம்பின் எதிர்ப்பை மெல்ல அடக்குவது, பலன் தெரியவே வாரங்கள் ஆகும். கூட எழுதியது ஃபோலிக் அமிலமாக இருக்கும், அதை எந்த நாளில் என்று தனியாகச் சொல்லியிருப்பார்கள். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். 'வாரம் ஒன்று' என்பது போதாது, கிழமை வேண்டும். 'புதன் மட்டும்' என்று அட்டை மேல் தமிழில் எழுதி வாங்குங்கள். இதைப் படிக்கும்போது ஏற்கனவே சில நாள் தினமும் போட்டிருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் இன்றே டாக்டரிடம் போங்கள்.

*அப்பாவுக்குச் சுகர். மாத்திரை விழுங்க முடியவில்லை. பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோம். சரிதானே?*
– வாசகி, கும்பகோணம்

பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் பொடிக்கக் கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற மருந்து, பொடித்தால் மொத்தமாக இறங்கிவிடும். நடுவில் கோடு இருந்தால் சிலவற்றைப் பாதியாக உடைக்கலாம், கேட்டுவிட்டு. ஈ.சி. என்றால் வயிற்றைத் தாண்டிக் குடலில் கரைய மேல்பூச்சு போட்டது, அதையும் உடைக்காதீர்கள். டி.டி. என்றால் தண்ணீரில் கரைத்தே குடிக்கலாம், எம்.டி. வாயில் வைத்தாலே கரையும். டாக்டரிடம் 'விழுங்க முடியவில்லை' என்று சொன்னால் பெரும்பாலும் இப்படி ஒன்று கிடைத்துவிடும். தேன் வேண்டாம், அப்பாவுக்குச் சுகர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

*ஓ.பி. சீட்டில் சி.எஸ்.டி., 5/7 என்று போட்டிருக்கிறது.*
– வாசகர், மயிலாடுதுறை

சி.எஸ்.டி. என்றால் பழைய மருந்தையே தொடரவும். அதனால் பழைய சீட்டையும் கொண்டுவந்தால்தான் கடையில் மருந்து தர முடியும். 5/7 என்றால் ஐந்து நாள், 2/52 இரண்டு வாரம், 1/12 ஒரு மாதம். தேதி அல்ல, ஐந்தாம் தேதிக்கும் ஏழாம் மாதத்துக்கும் சம்பந்தமில்லை.

*பாதி அட்டை வாங்கினால் காலாவதி தேதி வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது. பவுடர் சிரப்பில் எந்தத் தேதியைப் பார்ப்பது?*
– வாசகி, முத்துப்பேட்டை

அட்டையில் 08/2027 என்று இருந்தால் அந்த ஆகஸ்ட் 31 வரை பயன்படுத்தலாம். வெட்டும்போது தேதி இல்லாத முனையிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கவரில் எழுதித் தரட்டும், நீங்களும் தேதி இருக்கிற முனையிலிருந்து பிய்த்துச் சாப்பிடாதீர்கள். பவுடர் சிரப்புக்குப் பாட்டிலில் அச்சடித்த தேதி, தண்ணீர் கலக்கும் வரைதான். காய்ச்சி ஆறிய நீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்றிக் குலுக்கிய பிறகு பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் சிரப்புகளுக்கு ஏழு நாள், சிலவற்றுக்கு ஐந்து, லேபிளில் போட்டிருப்பார்கள். கலக்கிய தேதியைப் பாட்டில் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். 5 மில்லி என்றால் கூடவே வரும் மூடியில் 5 என்ற கோடு, சமையலறை ஸ்பூன் அல்ல. மீதி இருந்தால் அடுத்த காய்ச்சலுக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள்.